எண்ணூரில் மைனஸ் இருபது

குளிரில் சாகாமல் வேலை செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்க என்னை எண்ணூருக்கு அனுப்பினார்கள். டிசம்பர் மாதம். வந்து இறங்கிய அன்று காலை ஆறு மணிக்கு என் கைப்பேசி இருபத்துநான்கு டிகிரி என்றது. நான் பதினான்கு வருடமாகக் குப்பை கொட்டும் பின்லாந்தில் இருபத்துநான்கு டிகிரி வந்தால் ஊரே வேலையைப் போட்டுவிட்டு ஏரியில் போய் விழும். திருவொற்றியூர் விடுதியின் காவலாளியோ குரங்குக் குல்லா, அதன்மேல் மப்ளர், அதன்மேல் சால்வை என்று உட்கார்ந்திருந்தார். வியர்த்து வழிந்துகொண்டு நின்ற என்னைப் பார்த்து, "பனி பெய்யுது மேடம். தலைக்கு எதுனா கட்டிக்கோங்க, ஜல்பு புடிச்சிக்கும்" என்றார். குளிர்ப் பாதுகாப்பில் இந்த ஊர் என்னைவிட முன்னேறியிருக்கிறது என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

நான் பிறந்தது ஈரோட்டுப் பக்கம். பிழைப்பது பின்லாந்தின் வடக்கே ஒரு துறைமுகத்தில். கடல் உறைந்து கிடக்கும் மாதங்களில் வெட்டவெளியில் வேலை செய்பவர்களை, விரல், மூக்கு, காது எதுவும் எண்ணிக்கையில் குறையாமல் வீட்டுக்கு அனுப்புவதுதான் என் உத்தியோகம். எண்ணூரில் ஒரு கம்பெனி எங்கள் துறைமுகத்துக்கு ஒரு கிரேன் செய்து, பாகம் பாகமாகக் கப்பலேற்றிவிட்டது. அதை அங்கே பூட்டி நிறுத்த ஜனவரியில் எட்டு கலாசிகள் வரப்போகிறார்கள். பாரத்தைக் கயிறு கட்டித் தூக்கி இறக்குகிறவர்களுக்கு இங்கே கலாசி என்று பெயர். அந்த எட்டுப் பேரும் வாழ்நாளில் சந்தித்த கடுங்குளிர், ஐஸ்கிரீம். ஐந்து நாளில் அவர்களைத் தயார்செய்து ஆளுக்கொரு தாளில் நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் விமானம்.

கையெழுத்து என்றால் எனக்குப் பயம் உண்டு. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் எங்கள் துறைமுகத்தில் ஒருவரிடம் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "ஒன்றுமில்லை" என்றார். நம்பிக் கையெழுத்துப் போட்டேன். அவர் இப்போதும் நடக்கிறார், மூன்று விரல் குறைவாக. அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

முதல் நாள் கம்பெனி கார் வரவில்லை. கம்பெனியின் அலுவலகப் பிரதிநிதி திலீப் போனில், "கார் கண்டெய்னர் லாரிங்களுக்கு நடுவுல மாட்டிக்கிச்சு மேடம், எப்ப வரும்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும்" என்றார். ஆண்டவனைத் தொந்தரவு செய்யாமல், குளிர் அங்கிகளும் பூட்சுகளும் திணித்த இரண்டு ராட்சசப் பைகளோடு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். ஏற்கெனவே எட்டுப் பேர் இருந்தார்கள். ஒன்பதாவதாக நானும், பத்தாவது பதினோராவதாகப் பைகளும். மீன்கூடை வைத்திருந்த அம்மா பையை அமுக்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, பஞ்சா?"

"குளிருக்குப் போடுற கோட்டு."

"யாருக்கு?"

"எண்ணூர்ல வேலை செய்யிறவங்களுக்கு."

அந்த அம்மா வெளியே வெயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்தவரிடம், "பாவம், படிச்ச பொண்ணாட்டம் கீது" என்றார்.

பாதி வழியில் ஆட்டோ ஒரு முக்கல் முக்கிவிட்டு நின்றது. முன்னாலும் பின்னாலும் கண்டெய்னர் லாரிகள். நடந்துபோகச் சொன்னார்கள். பைகளைப் பார்த்துப் பரிதாபப்பட்ட ஒரு லாரி டிரைவர், "நம்ம வண்டில போடு யக்கா, கேட்டாண்ட எறக்கித் தரேன்" என்றார். பைகள் லாரியில் ஏறின, நான் நடந்தேன். கேட்டை அடைந்து, டீ குடித்து, இரண்டாவது டீயும் குடித்து, செய்தித்தாளின் இரங்கல் விளம்பரங்களையெல்லாம் படித்து முடித்த பிறகு என் பைகள் வந்து சேர்ந்தன. எங்கள் துறைமுகத்தில் கடல் உறைந்து கப்பல் நிற்கும். இங்கே உறைவதற்குக் குளிர்கூடத் தேவையில்லை.

இரண்டாம் நாள் வகுப்பு. திலீப் வெள்ளைக்கரடி படம் போட்ட ஒரு திரைக்காட்சி தயாரித்திருந்தார். எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு குரங்குக் குல்லாவும் வாங்கி வைத்திருந்தார். மைனஸ் இருபதுக்கு அது போதும் என்பது அவர் கணிப்பு.

எட்டுப் பேருக்குத் தலைவர் இருதயராஜ். ராயபுரம் கல்மண்டபத்துக்காரர், வயது நாற்பத்தாறு, கிரேன்காரருக்குக் கையால் சைகை காட்டும் சிக்னல் வேலை அவருடையது. அவருக்கு ஜோடி தேசிங்கு, வியாசர்பாடிக்காரர். பத்தொன்பது வருடமாக ஒரே கயிற்றின் இரண்டு முனையையும் பிடித்திருப்பவர்கள். இருவரும் ஒருவரையொருவர் மரியாதையாகப் பேசி நான் கேட்டதில்லை.

பருத்தி பனியன் கூடாது, வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடம்பைக் குளிரவைக்கும் என்றேன். எட்டுப் பேரும் தங்கள் பருத்தி பனியனை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்கள். இரண்டு சாக்ஸ் போட்டு பூட்சை இறுக்கினால் ரத்தம் ஓடாது என்றேன். குடித்தால் சூடேறியது போல் இருக்கும், ஆனால் உள்சூடு வெளியே போய்விடும் என்றேன். அதற்கு மட்டும் வகுப்பில் நீண்ட விவாதம் நடந்தது.

வேலை செய்யும்போது நட்டை எங்கே வைத்துக்கொள்வீர்கள் என்று கேட்டேன்.

"ரெண்டு கையும் கயித்துல கீறப்போ எங்க வெக்கிறது? வாய்ல தான்" என்றார் தேசிங்கு. ஏழு பேர் தலையாட்டினார்கள்.

"மைனஸ் இருபதுல இரும்பு உதட்டுல ஒட்டிக்கும். பிடுங்கினா தோலோட வரும்."

தேசிங்கு இருதயராஜைத் திரும்பிப் பார்த்தார். "அப்போ ரெண்டு நட்டு எட்த்து இவன் வாய்ல வெச்சிட்டாக்கண்டி ரெண்டு மாசம் நிம்மதி."

"உன் மூஞ்சிக்கு குளிரே கிட்ட வராது, போடா" என்றார் இருதயராஜ்.

முகத்தைப் பற்றித்தான் அடுத்த பாடம். உறைபனி முதலில் கடிப்பது மூக்கு நுனியையும் காதையும் கன்னத்தையும். தோல் வெளுக்கும், ஆனால் வெளுத்தவருக்குத் தெரியாது. அதனால் ஜோடியாக நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் சில நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டும். இதைப் பின்லாந்துக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்குள் என் உயிர் போய்விடும். அவர்களுக்கு அடுத்தவர் முகத்தை உற்றுப் பார்ப்பதே அநாகரிகம். வடசென்னையிலோ இந்தப் பரிசோதனையைப் பிறந்ததிலிருந்து யாரும் நிறுத்தியதே இல்லை. வகுப்பு முடிவதற்குள் என் முகத்தைப் பற்றியே மூன்று அறிக்கைகள் வந்துவிட்டன.

கடைசியாக முக்கியமான ஒன்றைச் சொன்னேன். குளிரில் விரல் வலித்தால் பயப்படாதீர்கள், வலிக்கிறது என்றால் விரல் உயிரோடு இருக்கிறது. வலி நின்றுபோனால்தான் ஆபத்து. நின்ற உடனே சூடான அறைக்குள் ஓடிவிடுங்கள். "வலி நிக்கிறது நல்லது தானே" என்று ஒருவர் கேட்டார். அதை மட்டும் நான்குமுறை சொல்லவேண்டியிருந்தது. இருதயராஜ் ஒருமுறைகூடக் கேள்வி கேட்கவில்லை.

சாயங்காலம் அவரே என்னைக் கல்மண்டபத்துக்கு அழைத்துப்போனார். தெருமுனையில் ஒரு பேனர் நின்றது. 'பின்லாந்து புறப்படும் எங்கள் அண்ணன்' என்று எழுதி, பனிமலைக்கு முன்னால் கூலிங்கிளாஸ் போட்ட இருதயராஜ். ஒருபக்கம் வெள்ளைக்கரடி, இன்னொருபக்கம் பென்குயின். பின்லாந்தில் இரண்டும் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். கீழே வாழ்த்தியிருந்தவர்களின் முகங்களை எண்ணிப் பார்த்து, மூடிக்கொண்டேன். அவர் மனைவி ஸ்டெல்லா, "கோயில்ல பூசைக்கும் குட்த்துட்டேங்க. ஃபாதர் பேர் சொல்லிப் படிக்கப் போறாரு" என்றார்.

பிறகு தெருவோரக் கடையில் அத்தோ. பர்மாவிலிருந்து வந்தவர்களோடு இந்த ஊருக்கு வந்து சேர்ந்த நூடுல்ஸ். கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் போட்டுக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். பின்லாந்தில் காரம் என்றால் மிளகுப் புட்டியை உணவுக்கு மேலே காட்டிவிட்டு எடுத்துவிடுவார்கள். கண்ணில் நீர் வழியச் சாப்பிட்டேன். காசு கொடுத்து மரவீட்டுக்குள் ஆவி பிடித்து வியர்க்கும் ஊரிலிருந்து வந்தவளுக்கு அந்த வியர்வை இலவசமாகவே கிடைத்தது.

"இருவத்திரெண்டு வருசமா கிரேன் கட்டி அனுப்பிகினு கீறேன் மேடம்" என்றார் இருதயராஜ், தட்டைப் பார்த்தபடி. "இங்க படுக்கப் போட்டு அளவு பாப்போம், கயட்டுவோம், கப்பல்ல ஏத்துவோம். அத்தோட சரி. எங்கெங்கயோ நிக்குதாம். நின்னு நான் ஒண்ணுகூட பாத்ததில்ல. ஒரு தபா பாத்துட்டேன்னா போதும்."

எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அங்கேயே மனதுக்குள் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் நாள், காசிமேட்டில் மீன் ஏற்றுமதிக்காரர் ஒருவரின் குளிர்கிடங்கு. எண்ணூர்ப் பக்கம் மைனஸ் இருபது கிடைக்கும் ஒரே இடம். உறைந்த இறால் பெட்டிகளுக்கு நடுவே ஒரு மூலையை ஒதுக்கித் தந்தார்கள். வெளியே முப்பது டிகிரி வெயிலில் எட்டுப் பேரும் அங்கியை மாட்டியதை மீன்காரப் பெண்கள் கூட்டமாக நின்று பார்த்தார்கள். "சினிமா ஷூட்டிங்கா கீதோ" என்று பேச்சு. அளவு பார்த்து பூட்சை எடுத்துக் கொடுத்தவர் தேசிங்கு.

உள்ளே கையுறையோடு கயிறு கட்ட வேண்டும், கொக்கி மாட்ட வேண்டும், ஜோடியின் முகத்தைப் பார்க்க வேண்டும். கால்விரல் வலித்து, அந்த வலி குறைய ஆரம்பித்தால் வெளியே வந்துவிட வேண்டும். முகப் பரிசோதனை அமர்க்களமாக நடந்தது.

"டேய், உன் மூக்கு உரிச்ச பூண்டாட்டம் கீது."

"உனக்கு மூக்கே இல்லியே, குளிரு எங்க வந்து குந்தும்?"

பத்து நிமிடத்தில் ஒருவர் வெளியே ஓடினார். பதினைந்தில் மூவர். இருபதில் இன்னும் இருவர். இருபத்தைந்தில் தேசிங்கும் போய்விட்டார், விரல் கொல்கிறது என்று. இருதயராஜ் மட்டும் நின்றார். நாற்பது நிமிடம். கயிறு கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். கால் எப்படி என்று கதவுக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து கேட்டேன். கட்டைவிரலை உயர்த்தினார். வெளியே வந்தபோது திலீப் கைதட்டி, தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர் தாளில் 'மிகச் சிறப்பு' என்று எழுதியவள் நான்தான். பதினான்கு வருட அனுபவசாலி.

எல்லோரும் அவரைக் கலாய்த்தார்கள், தேசிங்கைத் தவிர. தேசிங்கு சுவரோரம் நின்று அவர் பூட்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருதயராஜ் பெஞ்சில் உட்கார்ந்து பூட்சைக் கழற்றி, வியர்வை வடியட்டும் என்று கவிழ்த்தார். உள்ளேயிருந்து ஒரு நட்டு விழுந்தது. சுண்டைக்காய் பருமன். சிமெண்டுத் தரையில் உருண்டு என் காலடியில் நின்றது.

அவர் சாக்சில், பெருவிரலுக்குக் கீழே, ஒரு ரூபாய் அளவுக்கு ரத்தம். எவரும் நாலு அடி நடப்பதற்குள் கத்திவிட்டுக் கழற்றும் பொருளின் மேல் மனிதர் நாற்பது நிமிடம் நின்றிருக்கிறார்.

"இது எப்போ உள்ள பூந்துச்சு?" என்றார். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். பேனாவின் பின்பக்கத்தால் பெருவிரலை அழுத்தினேன். அடுத்த விரலை. அதற்கடுத்ததை.

"எந்த விரல்?"

"தொட்டுட்டீங்களா மேடம்?"

யாரும் சிரிக்கவில்லை.

சர்க்கரை வியாதி. இரண்டு வருடமாகவே பாதம் மரத்திருக்கிறது. மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறார். கம்பெனிக்காக நடந்த உடல் பரிசோதனையில் தொந்தரவு ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறார்கள், ஒண்ணியும் இல்லை என்றிருக்கிறார். படிவத்தில் எடைக்கும் கண்ணுக்கும் இடம் இருந்தது. கால் என்று ஒன்று இருப்பதைப் படிவம் தயாரித்தவர் மறந்துவிட்டார்.

"மூணு ஜோடி சாக்ஸ் போட்டா சரியாயிடாதா மேடம்?" என்றார் திலீப். அவர் வாங்கிய குரங்குக் குல்லாவைப் பாதத்தில் மாட்டலாம் என்று சொல்லாமல் விட்டதற்கு நானே என்னைப் பாராட்டிக்கொண்டேன்.

இருதயராஜ் என் கையில் இருந்த தாளைத்தான் பார்த்தார். "போட்டுடுங்க மேடம். ஒண்ணியும் இல்லன்னு நான் எய்தித் தரேன். பேனர் வெச்சிட்டாங்கோ. ஃபாதர் பேர் படிச்சிட்டாரு."

அந்த 'ஒண்ணியும் இல்ல' நான் ஏற்கெனவே ஒருமுறை நம்பியது. 'மிகச் சிறப்பு' என்பதை அடித்துவிட்டு, குளிர்கால வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதினேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். கேட்டைத் தாண்டும்போதுதான் பார்த்தேன், ஒரு கால் செருப்பின் வார் விரலிடுக்கில் நுழையவே இல்லை. அதுவும் அவருக்குத் தெரியவில்லை.

ஓடிப்போய் நிறுத்தி, புண்ணைத் துடைத்துக் கட்டுப் போட்டேன். மறுநாள் கண்டிப்பாகக் கால் டாக்டரிடம் காட்டுவதாக ஸ்டெல்லாவிடம் போனில் சத்தியம் வாங்கினேன். இருதயராஜ் என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

டீக்கடையில் தேசிங்கைப் பிடித்தேன். பூட்ஸ் எடுத்துக் கொடுத்தது நீங்கள்தானே என்றேன். டீயை ஊதிக்கொண்டே இருந்தார்.

"மே மாசம் மேடம். தார் ரோடு கொதிச்சிகினு கீது. ஷேர் ஆட்டோலேந்து எறங்கி வந்துகினு கீறான். ஒரு கால்ல செருப்பு இல்ல. ஆட்டோலயே வுட்டுட்டான். டீக்கடை வரிக்கும் வெறுங்கால்ல நட்ந்து வந்து, குந்தி, டீ குட்ச்சிட்டு, அப்பாலதான் பாக்குறான்."

"அப்பவே ஆபீஸ்ல சொல்லியிருக்கலாமே."

"போட்டுக் குடுக்குற பயக்கம் எங்களாண்ட கெடையாது மேடம். தோஸ்து அவன்."

"அதுக்கு நட்டா? புண்ணு சீழ் வச்சிருந்தா?"

"அத்த நென்ச்சி நேத்து பூரா தூக்கம் இல்ல." டம்ளரைக் கீழே வைத்தார். "ஆனா புண்ணுனா இங்க கட்டு கட்டிக்கலாம். அங்க போயி வெரலு போச்சுனா வருமா? நான் ஒண்ணியும் சொல்லல. நட்டு தானே சொல்ச்சி."

ஆத்திரமாகவும் வந்தது, அவர் கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது. பாதுகாப்புப் பயிற்சி என்று நான் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்ததில், இதைவிடக் கறாரான பரிசோதனை ஒன்றும் இல்லை. இனி ஒருவருக்கும் இப்படிச் செய்யக் கூடாது என்று கண்டித்தேன். தலையாட்டினார். இரண்டு டீக்கும் நானே காசு கொடுத்தேன்.

நான்காம் நாள் இருதயராஜ் வரவில்லை. வகுப்பில் கலாய்ப்பே இல்லை. ஏழு பேர் ஒழுங்காக உட்கார்ந்து, சொன்னதை எழுதிக்கொண்டு, சந்தேகம் இல்லை என்றார்கள். அசல் பின்லாந்துக்காரர்கள் மாதிரி. அன்று போல் எனக்கு எரிச்சலான நாள் வேறு இல்லை. இரவு எங்கள் துறைமுக மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன்: ஜூலையில் கிரேனின் கயிறுகளை இழுத்துக் கட்டும்போது அனுபவமுள்ள சிக்னல்காரர் ஒருவர் தேவைப்படுவார், எனக்கு ஒருவரைத் தெரியும், பாதத்துக்கு டாக்டர் சம்மதித்தால் அழைக்கலாம் என்று. இதை எழுதும் இன்றுவரை பதில் இல்லை. பின்லாந்தில் பதில் வருவதற்குப் பனி உருக வேண்டும்.

ஐந்தாம் நாள் கிடங்கில் கடைசிச் சோதனை. ஏழு பேரில் ஜோடியில்லாமல் நின்றவர் தேசிங்கு. பின்லாந்தில் அவர் முகத்தை நானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். அப்போது ஸ்டெல்லாவோடு இருதயராஜ் வந்தார். காலில் புதுக் கட்டு, மூடிய செருப்பு. டாக்டர் திட்டிய திட்டை ஸ்டெல்லா முழுதாகச் சொல்லிக்காட்டினார். இருதயராஜ் தேசிங்கின் பக்கமே திரும்பாமல் என்னிடம் பேசினார்.

"அவன் மூஞ்சி வெளுத்தாலும் உங்களுக்குத் தெரியாது மேடம், கறுப்பன். கலாய்ச்சிகினே இருப்பான். எப்போ கலாய்க்கிறத நிறுத்துறானோ, அப்போ உள்ள இஸ்துகினு வந்துடுங்க."

மூன்றாம் நாள் சுவரோரம் நின்ற தேசிங்கு என் நினைவுக்கு வந்தார். சரி என்றேன்.

பிறகுதான் அவர் தேசிங்கிடம் போனார். சட்டைப்பையிலிருந்து அந்த நட்டை எடுத்தார். தரையில் விழுந்ததை எப்போது எடுத்து வைத்துக்கொண்டார் என்று தெரியவில்லை.

"பத்தொம்போது வருசம். உன் பாக்கெட்டுல இன்னா நட்டு கீதுன்னு எனக்குத் தெரியாதா?"

தேசிங்கு கையிலிருந்த கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

"எட்த்துகினு போ. அங்க உன் பூட்ஸ்ல போட்டுக்க. குத்திகினே இருக்கணும். குத்துறது நின்னுபூட்ச்சினா, எவன் இன்னா சொன்னாலும் வேலைய வுட்டுட்டு உள்ள ஓடிடு. அந்தக் கிரேனு நின்னத நீ வந்துதான் எனக்குச் சொல்லணும்."

பூட்சில் நட்டுப் போடுவது என் பாடத்தில் இல்லை. ஆனால் அதைச் சொல்வதற்கான நேரம் அது இல்லை. தேசிங்கின் இரண்டு கையிலும் தடித்த கையுறை, அதில் கயிற்றுச் சுருள். நீட்டிய நட்டைப் பார்த்தார். பத்தொன்பது வருடப் பழக்கம். குனிந்து பல்லால் கவ்விக்கொண்டு, குளிர்கிடங்கின் கதவை நோக்கித் திரும்பினார்.

இருதயராஜ் ஓடிப்போய் அவர் தாடையைப் பிடித்தார்.

"வாய்ல இல்லடா பேமானி, பூட்ஸ்ல. துப்பு."